மதிலுக்கு அந்தப் பக்கம்

ராயபுரத்தில் பிரசவ ஆஸ்பத்திரியின்
பின்மதிலை ஒட்டி எங்கள் போர்ஷன்.
மதிலில் பதித்த கண்ணாடிச் சில்லுகளைத் தாண்டி
ராத்திரியில் குரல்கள் வரும்.
எட்டு வயதில் எண்ணத் தொடங்கினேன்.
ஒன்று. மூன்று. ஒருநாள் பதினொன்று.
அம்மா பேப்பரைச் சுருட்டி ஜன்னல் இடுக்கில் அடைத்துவிட்டு
"பூனைடி, தூங்கு" என்பாள்.
பூனைக்கு "யம்மாடி" என்று கத்த வராது
என்பது எனக்குத் தெரியும்.

கட்டிக்கொண்டு வந்தது கொருக்குப்பேட்டைக்கு.
கேட் போட்டால் அரை மணி நேரம்.
கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணுவேன்.
எண்ணுவது மட்டும் விட்டுப்போகவில்லை:
தேதிகளை,
துவரம்பருப்பு டப்பாவுக்குள் புதைத்த அட்டையில்
இன்னும் உடைக்காத மாத்திரைகளை.
சோதனைக் குச்சியில் ஒற்றைக் கோடுதான்.
சந்தேகத்துக்கு இன்னொன்று.
மூன்றாவதை, கடைக்காரர் முகம் தெரியாத
தண்டையார்பேட்டையில் வாங்குவேன்.

ஷேர் ஆட்டோவில் நிறைமாதக்காரி ஏறினால்
நான் இறங்கிவிடுவேன்.
வளைகாப்பு என்றால் முதல் நாளே தலைவலி.
தண்ணி லாரி வரிசையில் குடத்தை நகர்த்தியபடி
"இன்னாமே, விசேஷம் எதுனா?" என்பார்கள்.
"அவன்கிட்ட கோளாறா?" என்பார்கள்.
எபிநேசர் அந்தப் பேச்சையும்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
நைட் ஷிப்டுக்குப் போவான்.

பெத்துக்க பயம் என்ற இரண்டு வார்த்தைக்கு
எனக்கு நாலு வருஷம் ஆனது.
அன்றைக்கு மணலி பக்கம் வானம்
ஆரஞ்சாக எரிந்துகொண்டிருந்தது.
அவன் சிரிக்கவில்லை.
எழுந்துபோய் பருப்பு டப்பாவைத் திறந்து
"இத வெளியவே வச்சிக்கோ,
வண்டு ஏறுது" என்றான்.

ஸ்டான்லியில் அந்த டாக்டர் கேட்டார்:
"மொதல்ல எத்தனை வயசுல கேட்டீங்க?"
அதுவரை எல்லாரும்
"ஊர்ல யாருமே பெத்துக்கலயா" என்பதைத்தான்
விதவிதமாகக் கேட்டிருந்தார்கள்.
இந்தப் பயத்துக்கு ஒரு பெயர் இருக்கிறதாம்.
சீட்டில் எழுதிக் கொடுத்தார்.
பெயர் வைக்கிற அளவுக்கு
ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.
வீடு வருவதற்குள் ஆறு முறை பிரித்துப் பார்த்தேன்.

மாசியில் நாத்தனார் டெல்பினுக்கு வலி கண்டது.
அவள் புருஷன் விசைப்படகில்,
கரைக்கு வர மூன்று நாள் ஆகும்.
ஃபிளாஸ்க் தூக்க என்னை விட்டால் ஆளில்லை.
அதே ஆஸ்பத்திரி.
இருபத்துமூன்று வருஷம் கழித்து
மதிலுக்கு அந்தப் பக்கம்.

"குறுக்க குந்தாதம்மா, வண்டி வருது"
என்று ஆயா அதட்டினாள்.
ஓரமாக நகர்ந்து காதைப் பொத்தினேன்.
பொத்தியும் எண்ணினேன்.
ஒன்று. இரண்டு.
பிறகு எனக்குத் தெரியாத சத்தங்கள்:
ஒருத்தி புருஷனின் ஏழு தலைமுறையையும் திட்ட
இன்னொருத்தி வலிக்கு நடுவில் சிரித்தாள்.
எவர்சில்வர் தட்டு விழுந்து சுழன்றது.
"தலை தெரியுது, அவ்ளோதாம்மா, அவ்ளோதான்."
"டீ கிடைக்குமா சிஸ்டர்?" – அது டெல்பின்,
சற்று முன்பு செத்துவிடுவேன் என்றவள்.
சர்க்கரை பத்தவில்லையென்று குறை வேறு.

சின்னச் சத்தங்களுக்கு மதில் ஏறத் தெரியாது.
ஏறத் தெரிந்தவை மட்டுமே
எனக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

அதோடு முடிக்க முடியவில்லை.
விடிந்தபின் வார்டின் கடைசிக் கட்டிலில்
ஒருத்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.
அவள் பக்கத்தில் குழந்தை இல்லை.
டீ ஊற்றிக் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டாள்.
இந்த அமைதியையும் மதில்
என்னிடம் சொன்னதில்லை.

குணமாகிவிட்டேனா?
பருப்பு டப்பாவில் இப்போது பருப்புதான்.
நிறைமாதக்காரி ஏறினால் நகர்ந்து இடம் விடுகிறேன்.
போன வாரம் ஒருத்தியின் பையை
மடியில் வாங்கி வைத்துக்கொண்டேன்,
மின்ட் வரைக்கும்.
பெத்துக்கொள்வேனா, தெரியாது.
தெரியாது என்று சொல்லும்போது
கை முன்னளவு வியர்ப்பதில்லை.

நேற்று அம்மா வீட்டில் தங்கினேன்.
ஜன்னல் இடுக்கிலிருந்து பேப்பரை உருவ,
பொடியாக உதிர்ந்தது.
பின்னாலேயே ஒரு குரல் வந்தது.
"பூனை" என்றாள் அம்மா, அரைத்தூக்கத்தில்.
"இல்லம்மா" என்றேன்.
அவள் புரண்டு படுத்தாள்.
மீன் வாடையோடு நல்ல காற்று.