ஒண்டரை அடி

கேபிள்காரன் வயரை வெட்டிக்கொண்டு போய்ப் பத்து நாள்.
மூண்டு மாசக் காசு நிலுவை,
அவனிலை பிழையில்லை.
சுன்னாகத்திலை பாவிச்ச அன்ரெனா ஒண்டு
ரெண்டாயிரத்து ஐந்நூறு சொன்னான்,
ரெண்டு குச்சி வளைஞ்சிருக்கெண்டு
ஆயிரத்து எண்ணூறுக்கு விட்டான்.

சைக்கிள் கரியரிலை கட்டிக்கொண்டு வர
ஏழாலைச் சந்தியிலை ஆரோ கேட்டது,
"என்ன, திமிங்கில முள்ளோ?"
முள்ளுத்தான்.
நீளக் குச்சி முதுகுப் பக்கம்,
கட்டைக் குச்சி கொக்காவில் பக்கம் பாக்கவேணும்.
மாறிக் கட்டினால் கீரிமலைக் கடலைத்தான் பாக்கலாம்.

வயர் பூட்டுற இடம் பச்சை பிடிச்சுக் கிடந்தது.
தேசிக்காய்ப் பாதியாலை உரஞ்சினன்,
செம்பு சிவக்குமட்டும்.

முதல் நாள் திரை முழுக்க மா இடிச்ச புழுதி.
ரெண்டாம் நாள் படம் வந்தது,
ஆனால் எல்லாருக்கும் பக்கத்திலை
ஒவ்வொரு வெளிறின ஆள்.
செய்தி வாசிக்கிற பிள்ளைக்கு நாலு கண்.
பந்தடிக்கிறவன் ரெண்டு மட்டையாலை அடிக்கிறான்,
ரெண்டிலும் அவுட்.

சங்கக்கடையிலை என்னோடை நிக்கிற ஜெகசோதி சொன்னான்:
அலை ரெண்டு வழியாலை வருகுது அக்கா,
ஒண்டு நேரை,
மற்றது எங்கையோ தகரத்திலை முட்டிக் கொஞ்சம் பிந்தி.
எனக்குத் தெரியும் எந்தத் தகரமெண்டு.
புனிதமலர் போன ஆவணியிலை போட்ட நீலக் கூரை.
கிட்டடித் தகரம் இவ்வளவு பிந்தாது,
தூரத்து ஆலைக் கூரையாய் இருக்கும் எண்டும் சொன்னான்.
அது எனக்குக் கேக்கேல்லை.

எனக்கும் புனிதமலருக்கும்
நாலு வரியமாய் மல்லாகம் கோட்டிலை வழக்கு.
வேலி. ஒண்டரை அடி.
அவவின்ரை சர்வேயர் கீறின கோடு ஒண்டு,
என்ரை ஆள் கீறினது
அதுக்குப் பக்கத்திலை, கொஞ்சம் தள்ளி.

ஞாயிற்றுக்கிழமை தண்ணித் தாங்கியிலை ஏறினன்.
கீழை ரீவியைப் பாத்துச் சொல்ல ஆளில்லை.
விரல்க்கடை திருப்பு, இறங்கு, பார், ஏறு.
ஏணிக்குப் பதினொரு படி.
ஆறாந்தரம் முழங்கால் சொல்லிச்சுது,
பிழைச்சது திசையில்லை, இடம் எண்டு.
பைப்பை அவிட்டு வேலிப் பக்கம் சரிச்சன்.

"நில்லுங்கோ!"

குசினி யன்னலுக்குள்ளாலை.
என்ரை விறாந்தைக் கதவு திறந்து கிடக்க
ரீவி அவவுக்கு நேரை.
"போட்டுது... இன்னும் கொஞ்சம் இஞ்சாலை.
இஞ்சாலை எண்டுறன்.
ஆ. இப்ப ஒரு ஆள்தான்."

நாலு வரியத்துக்குப் பிறகு வந்த முதல் சொல்லு
நில்லுங்கோ.
அதுக்கு முந்தினது எழுதேலாது.

கம்பியாலை இறுக்கிப்போட்டு நிமிந்து பாத்தன்.
அன்ரெனாவின்ரை மூக்கு வேலிக்கு அங்காலை நிக்குது.
அளந்தால் ஒண்டரை அடி வரும். அளக்கேல்லை.
உறுதியிலை எல்லாம் கிடக்கு:
பனை மூண்டு, கிணத்திலை பங்கு,
வழி வாய்க்கால் உரித்து.
மேலை பற்றி ஒரு வரியும் இல்லை.
காகம் ஒண்டு வந்து
அங்காலைக் குச்சியிலை குந்திச்சுது.

நன்றி எண்டு சொல்ல வாய் வரேல்லை.
"உங்கடை ரீவி தெளிவோ?" எண்டன்.
"எங்களுக்கும் வெட்டிப்போட்டான்" எண்டா.

இரவு எட்டு மணி.
ஒரு பிள்ளை, ரெண்டு கண்.
அங்காலை குசினியிலை லைற் நூந்து கிடக்கு,
யன்னல் சாத்தேல்லை.
நான் கதிரையை ஒரு முழம் ஒதுக்கிப் போட்டன்.
சத்தத்தையும் ரெண்டு புள்ளி கூட்டினன்.
எனக்குக் காது மந்தமெண்டு வைச்சுக்கொள்ளுங்கோவன்.

வழக்கு பதினேழாந் திகதி.
பஸ்ஸிலை அவ முன் சீற், நான் பின் சீற்,
அதிலை மாற்றமில்லை.
சோளகத்துக்குப் பைப் ஆடினால்
ஆர் ஏறுறது, ஆர் கத்துறது எண்டுமட்டும்
இன்னும் பேசி முடிக்கேல்லை.