இருநூறு கிராம்

எடைப் பிரிவு பத்து.
நாங்கள் ஐந்து பேர்.
பஸ் ஏறும் முன்பே பாதி தோற்றாயிற்று என்றான் ஷினோஜ்.
கணக்கியலில் மூன்று அரியர் வைத்திருப்பவனுக்கு
இது மட்டும் சரியாக வந்தது.

அக்டோபர், முதல் சனி.
ராஸ் அல் கைமாவுக்கு வெயில் இன்னும் விடுமுறை விடவில்லை.
சீசனின் முதல் போட்டி புஜைராவில்.
எனக்கு எழுநூறு கிராம் அதிகம்.

"ஏசியை நிறுத்து" என்றார் கோச் ஷெர்சோத்.
குல்சார் பாய் பஷ்தோவில் ஏதோ சொன்னார்,
வாழ்த்து இல்லை.
ஜன்னல்கள் மூடின.
மூன்று பனியன், அதற்கு மேல் மழைக்கோட்டு
(இந்த ஊரில் மழைக்கோட்டு தேடி வாங்கியது தனிக்கதை)
நடைபாதையில் குந்தி எழுந்தேன், குந்தி எழுந்தேன்,
எனக்காக நாலு பேர் சேர்ந்து வெந்தார்கள்.

முஅதஸுக்குக் குறைக்க ஒன்றுமில்லை.
நூற்றிருபத்தைந்து வரை அவன் ராஜ்ஜியம்.
பாவம், என் கண்ணில் படக்கூடாதென்று
துண்டுக்குள் மறைத்து மோர் குடித்தான்.
சத்தத்தை எதில் மறைப்பான்?

சூயிங்கம் மென்று மென்று
பாட்டிலில் துப்பிக்கொண்டே வந்தேன்.
மசாஃபி மலை தாண்டும்போது
மசாஃபி பாட்டில் கால்வாசி.

தராசில் ஏறுமுன் நகம் வெட்டினேன்.
அரைஞாண் கயிற்றையும் அறுத்தேன்;
அம்மாவிடம் யாரும் சொல்ல வேண்டாம்.
ஐம்பத்தேழு.
புள்ளிக்குப் பிறகு சுத்தமான பூஜ்யம்.

என்னோடு மோத வேண்டியவன் தவ்லத்,
ஷார்ஜாக்காரர்களின் அணி, காது இரண்டும் காலிஃபிளவர்.
ஏறினான். இருநூறு கிராம் கூட.
இறங்கி, கத்தரி வாங்கி, முன்முடியை வெட்டி எறிந்து
மறுபடி ஏறினான்.
அதே இருநூறு.
ஒரு பொட்டலம் காப்பித்தூள்.
அவன் சிரித்துவிட்டான். எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

அப்புறம் வரிசையாக:
ரெனாட்டோ ஒரு நிமிடம் பத்து நொடி, முதுகு மேட்டில்.
பெஹ்ரூஸ் ஆறுக்கு இரண்டு முன்னிலையில் இருந்தவன்
கடைசியில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
ஷினோஜுக்கு மூக்கில் ரத்தம்.
முஅதஸ் தன் வியர்வையிலேயே வழுக்கினான்.
நடுவில் ஐந்து தரம்
நாங்கள் அனுப்பாத ஆட்களை
அவர்கள் வென்றார்கள்.

மைக்கில் என்னைக் கூப்பிட்டார்கள்:
"பால்வண்ணம்!"
பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில்
இருப்பது அப்பா.
வட்டத்தின் நடுவில் நின்றேன்.
எதிரில் கால் பதித்த தடம்கூட இல்லை.
நடுவர் என் கையைத் தூக்க
பால்வண்ணம் வென்றதாக அறிவித்தார்கள்.

அந்நேரம் சிமெண்ட் ஆலையில்
டே ஷிஃப்டில் இருந்தார் பால்வண்ணம்.
யாரையும் கை நீட்டி அடித்தவரில்லை.
எண்பத்து நாலு கிலோ.
யோசித்தால், எங்களிடம் காலியாகக் கிடக்கும் பிரிவுதான்.

அன்று எங்கள் கல்லூரி எடுத்த புள்ளி
அது மட்டும்.

இருட்டியதும் தவ்லத் பொட்டலத்தோடு வந்தான்.
பரோட்டா, முட்டை, இரண்டு கரக் சாயா.
"காயா?" என்றான் இந்தியில். இல்லை என்றேன்.
முழுக்கத் தின்றோம்,
எந்தத் தராசும் எங்களை ஏற்காத அளவுக்கு.
பிறகு அவன் வாயைத் துடைத்துக்கொண்டு
பார்க்கிங்குக்குப் பின்னால் இருந்த மணலைக் காட்டினான்.

குல்சார் பாய்தான் நடுவர்.
ஹெட்லைட்டைப் போட்டார்.
நாற்பது நொடி இருக்கும்.
ஒற்றைக்கால் பிடித்தேன், கிடைத்தது,
கிடைத்தது என்று நினைத்த மாத்திரத்தில்
துறைமுக விளக்கு தலைகீழாக எரிந்தது.
பரோட்டா நெஞ்சுவரை வந்து திரும்பியது.
தவ்லத்தின் கையைத் தூக்கிய குல்சார் பாய்
பெயர் தெரியாமல் "இவன்" என்றார்.

திரும்பும் வழியில் ஏசி ஓடியது, எல்லோரும் தூக்கம்.
அப்பா கேட்டிருந்தார்: "என்னாச்சு?"
யார் என்று எழுதாமல்
"ஜெயிச்சாச்சு" என்று அனுப்பினேன்.

ஒரு காது இன்னும் கேட்கவில்லை.
தலையைச் சாய்த்துத் தட்டினேன்.
சீட்டில் கொஞ்சம் மணல்.