பாலத்தில் மழைச்சட்டை

குவாதலூப்பில் காலை ஏழு மணிக்கே
செம்மண் புகைந்தது.
ஆனைப்புளிய மரங்கள் இலையில்லாமல்
வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றன.
"இது கிராவானா மாதம், மழையாவது!"
விடுதிக்காரி கையை விரித்தாள்.
என் குறிப்பேட்டிலும் அப்படித்தான் இருந்தது:
ஜூலை. வறட்சி. குடை வேண்டாம்.

அதெரித்துவின் மோட்டார் சைக்கிளில் ஏறினேன்.
சாவோ தோமே தீவின் நீளம் ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை.
வளைவுகளையெல்லாம் நீட்டிப் போட்டால் எவ்வளவு வரும் என்று
அவனும் அளந்ததில்லை.
சந்தானாவில் சுட்ட ஈரப்பலா, இரண்டு துண்டு.
அங்கோலாரஸில் பிளந்த மீன்கள்
கயிற்றில் வரிசையாய்
வாயைத் திறந்து தொங்கின.
இடப்பக்கம் கடல், கடல்,
பிறகு கொக்கோ, பிறகு மறுபடி கடல்.

பெரிய ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தினான்.
மஞ்சள் மழைச்சட்டையை எடுத்து
பொத்தான் பொத்தானாகப் போட்டான்.
எனக்கும் ஒன்றை நீட்டினான்.
வானத்தைப் பார்த்தேன்; சாம்பல் நிறம், அவ்வளவுதான்.
வேண்டாம் என்றேன்.
"லேவ் லேவ்" என்றான்.
அவசரமில்லை என்று அர்த்தமாம்.

இரண்டு வளைவு.

துளி துளியாய் ஆரம்பிக்கவே இல்லை.
நாங்கள்தான் அதற்குள் நுழைந்தோம்,
முன்பே பெய்துகொண்டிருந்த ஒரு வீட்டுக்குள் நுழைவது போல.
தென்மேற்கிலிருந்து வரும் மேகம் எதையும்
இந்த மலை சும்மா விடுவதில்லையாம்.
"அதோ, பெருநாய்ச் சிகரம்! ஊசி மாதிரிக் கல்!"
நான் பார்த்தது வெள்ளை மட்டும்.
சுட்டிய விரலிலிருந்து நீர் சொட்டியது.

போர்த்து அலெக்ரேயில் ஜுல்மிராவின் கடை.
கூரைக்கடியில் நான்கு நாள் துணி.
"காய்ந்தாலும் உடுத்துவோம்,
காயாவிட்டாலும் உடுத்துவோம்."
எதிரே ரோலாஸ் திட்டு,
பூமத்திய ரேகை அதன் மேல்தான் போகிறது.
சூரியனுக்கு நேர் கீழே இவ்வளவு ஈரமா என்றேன்.
"அந்தக் கோடு வெயிலுக்குத் தெரியும்.
மேகத்துக்கு யார் போய்ச் சொன்னார்கள்?"
காப்பியில் சர்க்கரை கரைய மறுத்தது,
கட்டியாகிக் கிடந்தது அது.

திரும்பும்போது அதே பாலம்.
மழைச்சட்டையைக் கழற்றி உதறி
நாலாக மடித்தான், மேலே பார்க்காமலே.

வடக்கில் இன்னும் வெயில் மிச்சமிருந்தது.
என் கால்சட்டையில்
புழுதி வந்து அப்பிக்கொண்டது.
சாலையோரம் பாட்டிலில் பெட்ரோல் விற்பவள்
என்னை முழங்கால்வரை பார்த்தாள்.
"தெற்கா?"

ஈரமான டோப்ரா நோட்டுகளை ஒவ்வொன்றாய்ப் பிரித்து
சூடான கல்லில் பரப்பி
கூழாங்கல் வைத்தாள்.
"நில்லுங்கள். காய்ந்ததும்
மீதி தருகிறேன்."