இருபத்தாறு மாதம்

பதுளைக் கச்சேரியில் பச்சைத்துணி மேசைக்கு அந்தப்புறம்
ஐயா விரல்விட்டு வருஷங்களை எண்ணினார்.
முப்பத்தொன்பது சரி. நாற்பது சரி.
நாற்பத்துமூன்று புரட்டாசியில் விரல் நின்றது.
"அதுக்குப் பிறகு எங்க இருந்த?"

கப்பலில்.
ராசாவின் கடற்படைக்குச் சாமான் சுமந்த கப்பல்.
பின்தளத்தில் ஒரு பீரங்கி இருந்தது.
அது சுட்டதை நான் கேட்டதில்லை,
கொதிகலன் அறையில் எதுதான் கேட்கும்?
அப்புத்தளை ஸ்டோரில் உலைக்கு விறகு தள்ளியவன்
அங்கே கரி தள்ளினேன்.
அடுப்பு ஆடியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எறிகணை, கம்பிக்கயிறு, உப்புக்கண்டம்,
ஆயிரம் சோடி பூட்ஸ் (எல்லாம் இடதுகால் என்று
துராப் அலி சத்தியம் செய்தான்).
ஏற்றினோம். இறக்கினோம். மறுபடி ஏற்றினோம்.
சிட்டகாங், ஏடன், மொம்பாசா:
பேர் தெரியும், ஊர் தெரியாது.

மொம்பாசாவுக்கு இரண்டு நாள் இருக்கையில்
கிடங்கில் பெட்டிகள் சரிந்தன. நிமிர்த்தப் போனேன்.
ஈயத்தாள் கிழிந்த ஒன்றின் பக்கவாட்டில்
எங்கள் தோட்டத்து முத்திரை, கறுப்பு மையில்.
கீழே சிலோன் என்று, கடைசி எழுத்து கோணலாக.
அந்தத் தகட்டை வளைத்தவன் என் மச்சான் சடையன்.
கையை உள்ளே விட்டேன்.
செவனம்மா கொய்த கொழுந்தாய் இருக்கலாம்,
இல்லாமலும் இருக்கலாம்.
அன்று ராத்திரி கரிவாளியில் கொதிக்கவைத்துப்
பதினோரு பேர் குடித்தோம்.
திருட்டுத்தான்.

இதையெல்லாம் ஐயாவிடம் சொல்லவில்லை.
கடற்படை கொடுத்த சீட்டை நீட்டினேன்.
நடத்தை: மிக நன்று.
படித்தார். அடுத்த அறைக்குக் கொண்டுபோனார்.
அங்கே டைப்ரைட்டர் நின்றது, பிறகு ஓடியது.

"நல்ல சீட்டு," என்றார் திரும்பிவந்து.
மனசாரத்தான் சொன்னார்.
"ஆனா இதுதான் காட்டிக்குடுக்குது, நீ தீவுல இல்லன்னு.
பன்னிரண்டு மாசத்துக்கு மேல வெளிய போனா
இருப்பு அறுந்துபோகும். சட்டம்."

ரயிலில் வந்தேன். அப்புத்தளை இடைவெளியில்
வெயில் தெளிந்திருந்தது.
தெற்கே, வெகு கீழே, ஒரு நகக்கீறலாய்க் கடல் தெரிந்தது.
பெட்டியில் எல்லோரும் பார்த்தார்கள்.
நான் டிக்கெட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

லயத்து வாசலில் செவனம்மா கேட்டாள்,
"பிரஜாவுரிமைக்கு என்ன சொன்னாங்க?"
"கப்பல் இன்னும் கரைக்கு வரலையாம்."
அவள் சிரிக்கவில்லை. சோற்றை மூடிவைத்தாள்.

ராத்திரி எனக்கு உலை முறை.
இரும்புக் கதவைத் திறந்து
விறகைத் தூக்குமுன்
கால்கள் தாமாக அகன்றுகொண்டன,
அலைக்குத் தயாராக.