சமதரை

“பத்து நிமிடம். சமதரையில் மட்டும்” என்றார் டாக்டர்.
வால்பரைசோவில் சமதரைக்கு எங்கே போக?
ஊரே மாடிப்படி.
இருக்கிற கொஞ்சமும் கீழே, கப்பல்களின் பக்கம்.

மூன்று மாதமாயிற்று.
தையல் விட்டது, சீழ் வைத்தது,
நான்கு முறை ஊசியால் நீர் எடுத்தார்கள்.
தொப்புள் கறுத்து உதிர்ந்தது.
அங்கே இப்போது இருப்பது அவர்கள் வைத்த புள்ளி.

விஞ்சில் இறங்குகிறேன்.
சீட்டுக் கிழிக்கும் எரிபெர்த்தோ
என் குனிந்த நடையைப் பார்த்து
“எதைத் தொலைத்தாய், மிரேயா?” என்கிறார்.
இரட்டையர் பிறந்தபின் மிஞ்சிய தோலை
என்று சொல்லவில்லை.
சிரித்தால் இழுக்கும்.

துறைமுகத்தில் பத்து நிமிடம்.
கச்சைக்குள் வியர்வை.
கடற்சிங்கங்கள் வயிற்றைப் பரப்பிக் கிடக்கின்றன,
அவற்றை யாரும் தைத்துக்கொள்ளச் சொல்வதில்லை.

பதினோராம் நாள் விஞ்ச் பழுது.
நூற்று அறுபத்திரண்டு படி.
முப்பத்தெட்டில் உட்கார்ந்தேன்.
பக்கத்தில் ஒரு தெருநாய்,
அதற்கும் மூச்சு வாங்கியது.

எழும்போது தும்மல்.
வயிற்றைப் பிடிக்கக் கை போவதற்குள்
தும்மிவிட்டேன்.

எதுவும் பிரியவில்லை.

முப்பத்தொன்பதில் நின்று
இன்னொன்று வருமா என்று பார்த்தேன்.