ஒரு மீட்டர் சதுரம்

பத்து காவான். வற்றம் தொடங்கி அரைமணி.
சேற்றில் கம்பிச் சட்டத்தை வைத்து
உள்ளே உள்ளதை எண்ணச் சொன்னார்கள்.

பதினேழு வளைகள்.
நண்டு ஒன்றில்லை.
என் நிழல் எனக்கு முன்பே வந்து
சொல்லிவிட்டிருக்கிறது.

கண்டல் வேர்மேல் உட்கார்கிறேன்.
சட்டைக்குள் முசுறு இறங்குகிறது.
நெளியக் கூடாது.

இரண்டாம் பாலம் தூரத்தில் உறுமுகிறது.

முதலில் ஒரு கண், காம்பு நுனியில்.
பிறகு அந்தப் பெரிய கொடுக்கு
வா வா என்கிறது,
என்னையல்ல.
இரண்டு. ஐந்து. ஒன்பது.

உளுவை ஒன்று கம்பிமேல் ஏறி
பாதி உள்ளே, பாதி வெளியே
கன்னம் உப்ப உட்கார்ந்துகொண்டது.
இதை எந்தப் பக்கம் எழுதுவது?

"எவ்வளவு?"
கரையிலிருந்து ஃபௌசியா கத்தினாள்.
ஒன்பதும் உள்ளே.
உளுவையும் இல்லை.

அவளுக்குப் பின்னால் மண் லாரிகள்
எஞ்சினை அணைக்காமல் நிற்கின்றன.
கொழுத்த நண்டு வளையில் தங்காதாம்.
இதுகள் மெலிந்தவை,
வேறெங்கும் போகத் தெரியாதவை.

"எவ்வளவு?"

பதினேழு என்று எழுதினேன்,
காணாத எட்டையும் சேர்த்து.

கழுத்தில் சுருக்கென்று கடித்தது முசுறு.
பாரத்தில் அதற்குக் கட்டமே இல்லை.