மத்தியஸ்த சபைக்கு முதல்நாள்

ஐந்து கொம்பனி. ஒரு கொப்பி.
துண்டுகளைத் திகதிப்படி அடுக்க
செவ்வாய்க்கிழமைகளில் இடைவெளி.
விளக்கணைத்துவிட்டு நான் குசினிக்குள் இருந்த
செவ்வாய்கள்.

வருமானம் என்ற கட்டத்தில்
தையல் என்று எழுதினேன்.
மாரிக்கு என்ன போடுவது?
சட்டை தைக்க ஆர் வருகினம் அப்ப?

மாதம் நாலாயிரம் கட்டலாம்.
ஆறு கேட்பார்கள்.
கண்ணாடிக்கு முன்னால் நின்று
"ஏலாது" என்று சொல்லிப் பார்த்தேன்.
ஏழாம் தரம்தான்
குரல் நடுங்காமல் வந்தது.

அடையாள அட்டை, அடைவுச் சீட்டு, இரண்டிரண்டு பிரதி.
கோப்பாய்ச் சந்தியில் ஆறரை பஸ்.

அருந்தவமலர் தந்த மூவாயிரத்துக்குத்
துண்டில்லை.
அவள் கேட்டதுமில்லை, படிவமும் கேட்கவில்லை.
ஓரத்தில் பென்சிலால் அவள் பெயரை எழுதி,
அழித்து,
பேனையால் எழுதினேன்.